சிம் றேஸிங்கில் நேர்மையாக ஓடுவது: விதிகளும் தண்டனைகளும் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கிளிநொச்சி, புதுக்குடியிருப்பு, மல்லாவி, வவுனியா என்று ஆளுக்கொரு இடத்திலிருந்து சனி இரவுகளில் இணையத்தில் கூடி, நிஜக் காரைப் போலவே ஓட வேண்டிய கார்ப் பந்தயக் கேம்களில் (சிம் றேஸிங்) ஓடுகிறோம். சிலரிடம் ஸ்ரியறிங்கும் பெடலும் இருக்கின்றன, சிலர் பிளேஸ்டேஷன் கன்ட்ரோலரோடு வருகிறார்கள். போட்டி முடிந்து மைக் திறந்தவுடன் வரும் வாக்குவாதம் எப்போதும் ஒரே இடத்தில்தான் போய் நிற்கும்: பிழை ஆரிலை? புதிதாக வருகிறவர்கள் திரும்பத் திரும்பக் கேட்பவற்றுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். எங்கள் போட்டிகளின் நடுவர்களில் நானும் ஒருவன் என்பதால், சில இடங்களில் என் சொந்த அபிப்பிராயமும் கலந்திருக்கும்.

கேம் தானே அண்ணை, இடிச்சால் என்ன? கார் உடைஞ்சாலும் திருப்பி வரும்தானே?

கார் திரும்பி வரும். மற்றவருடைய இரவு திரும்பி வராது. நாற்பது நிமிடப் போட்டி ஒன்றுக்கு ஒருவர் கிழமை முழுக்கப் பழகியிருப்பார். வயல் வேலை முடிந்து வந்து, குளித்து, வீட்டில் எல்லோரிடமும் சொல்லிவிட்டுக் கதிரையில் இருந்திருப்பார். அவரை முதலாம் வளைவிலேயே பின்னால் இடித்து மண்ணுக்குள் தள்ளினால், அவருக்கு அன்றைய போட்டி அவ்வளவுதான். விதிகள் காருக்காக எழுதப்படவில்லை, அந்த ஆளுக்காக எழுதப்பட்டவை. கீழே உள்ள எல்லாவற்றையும் அந்த எண்ணத்தோடு வாசியுங்கள்.

பின்னாலை வந்து இடிச்சது அவன். எனக்கு ஏன் 4 புள்ளி போட்டது?

எங்களிடம் வரும் கேள்விகளில் இதைத்தான் அதிகம் பேர் கேட்கிறார்கள். கோபத்தோடு கேட்கிறார்கள், அந்தக் கோபம் நியாயமானதும்கூட.

2008 இல் தொடங்கிய ஐரேசிங் என்ற இணையக் கார்ப் பந்தயக் கேமில் பிழை யாருடையது என்று கணினி பார்ப்பதில்லை. சில்லுகள் ஓடுபாதைக்கு வெளியே போனால் 1 சம்பவப் புள்ளி (இது குறைவாக இருப்பதே நல்லது). காரின் கட்டுப்பாட்டை இழந்து சுழன்றால் 2. சுவரில் மோதினாலும் 2. தார்ப் பாதைப் போட்டியில் இன்னொரு காரோடு பலமாக மோதினால் 4, இடித்தவருக்கும் இடிபட்டவருக்கும் ஒரே அளவு. மெல்ல உரசினால் 0 என்று பதிவாகும். ஒரே சம்பவத்தில் அடுத்தடுத்து நடப்பவற்றைக் கூட்டுவதில்லை. சுழன்று, உடனே இன்னொரு காரில் மோதினால் பெரியது மட்டும் கணக்கில் வரும்.

ஏன் இப்படி? மோதலுக்கு முந்திய இரண்டு மூன்று செக்கன்களில்தான் பிழை இருக்கும். யார் முதலில் பிறேக் பிடித்தார், யார் பாதையை மாற்றினார், யாருக்கு யார் தெரிந்தார் என்பதை மனிதக் கண்தான் எடைபோட முடியும். கணினி தீர்ப்பளிக்கப் போனால், கணினியை ஏமாற்றி ஓட ஆட்கள் பழகுவார்கள். பிறேக்கைத் திடீரென்று அழுத்திப் பின்னால் வருகிறவரை இடிக்க வைத்து அவருக்குத் தண்டனை வாங்கிக் கொடுப்பார்கள். தானாகப் பிழை கண்டுபிடிக்க முயன்ற கேம்களில் இந்தத் தந்திரத்தைக் கண்டிருக்கிறோம்.

அந்த 4 புள்ளியைக் குற்றப்பத்திரம் என்று எடுக்காதீர்கள். ‘நீங்கள் மோதல் நடந்த இடத்தில் இருந்தீர்கள்’ என்பதற்கு மேல் அது எதையும் சொல்லவில்லை. நூறு போட்டி ஓடிப் பாருங்கள், அடிக்கடி மோதல் நடக்கும் இடத்தில் இருப்பவர் யார் என்று அந்த எண்ணே காட்டிவிடும். உங்களில் பிழையே இல்லாத மோதல்களைக்கூடப் பாதியளவு தவிர்க்கலாம் என்பது என் உறுதியான நம்பிக்கை. பக்கத்தில் ஓடுகிறவர் பதற்றத்தில் இருக்கிறார், ஒவ்வொரு வளைவிலும் பிறேக் பிந்துகிறது என்று தெரிந்தால், ஒரு சுற்று அவரை முன்னே விடுங்கள்.

பாதுகாப்பு மதிப்பீடு எப்பிடிக் கூடும்?

ஒருவர் எவ்வளவு துப்புரவாக ஓடுகிறார் என்று காட்டும் எண் அது. ஐரேசிங்கில் 0.00 இலிருந்து 4.99 வரை போகும். எத்தனை வளைவுகளை எத்தனை சம்பவப் புள்ளிகளோடு கடந்தீர்கள் என்பதுதான் கணக்கின் அடி. வெல்லத் தேவையில்லை, கடைசியாக வந்தாலும் துப்புரவாக ஓடினால் கூடும். அனுமதிப்பத்திரம் றூக்கியில் (புதியவர்) தொடங்கி டி, சி, பி, ஏ என்று ஏறும். கிரான் டூரிஸ்மோ 7 என்ற கேமில் இதே வேலையை ஈ முதல் எஸ் வரையான எழுத்துகள் செய்கின்றன. அங்கே ஓட்டத் திறமைக்கு வேறாக ஒரு மதிப்பீடு இருக்கிறது, இரண்டையும் குழப்ப வேண்டாம்.

புதியவர்களுக்கு ஒரு யோசனை: மதிப்பீடு சரிந்து கிடந்தால், நீளமான போட்டியில் பின்வரிசையிலிருந்து தொடங்கி யாரோடும் சண்டைக்குப் போகாமல் ஓடி முடியுங்கள். கெதியாக மீளும்.

முந்தேக்கை இடம் விட வேண்டியது ஆர்? முன்னுக்குப் போறவரோ, பின்னுக்கு வாறவரோ?

முந்துகிறவரின் பொறுப்புத்தான் பெரியது. அவருக்கு முன்னால் நடப்பது முழுக்கத் தெரிகிறது, முன்னால் போகிறவருக்குச் சிறு கண்ணாடியில் தெரிவது மட்டும்தான். பின்னால் வருகிறவர் தான் பாதுகாப்பாக முந்தக்கூடிய தருணத்தைத் தெரிந்தெடுக்க வேண்டும். ஆனால் ஒரு கட்டத்துக்குப் பிறகு முன்னால் போகிறவருக்கும் கடமை வந்துவிடும். அந்தக் கட்டம் எது என்பதில்தான் எல்லாச் சண்டையும்.

2025 இல் ஃபோர்முலா 1 நடுவர்களுக்கான வழிகாட்டல் இதை அளந்து வைத்திருந்தது. உட்பக்கமாக முந்துகிறவர், வளைவின் உள்முனைக்கு வருமுன்னும் அந்த முனையிலும், தன் முன் அச்சை மற்றக் காரின் பக்கக் கண்ணாடிக்கு இணையாகவாவது கொண்டுவந்திருக்க வேண்டும். அப்போதுதான் அவருக்கு இடம் கேட்க உரிமை உண்டு. வெளிப்பக்கமாக முந்துவதற்கு விதி கடுமை: உள்முனையில் அவருடைய முன் அச்சு மற்றவரின் முன் அச்சைத் தாண்டியிருக்க வேண்டும். இரண்டிலும், கார் கட்டுப்பாட்டில் இருக்க வேண்டும், ஓடுபாதைக்குள்ளேயே வளைவை முடிக்கவும் வேண்டும்.

நாங்களும் இதைத்தான் பின்பற்றுகிறோம், ஒரு சேர்க்கையோடு: பிறேக் பிடிக்கத் தொடங்கும்போதே பக்கத்தில் ஓரளவாவது வந்திருக்க வேண்டும். இத்தாலியின் மொன்சா ஓடுபாதையின் முதல் வளைவை எடுங்கள். நீண்ட நேர்ப்பாதையில் முழு வேகத்தில் வந்து, இரண்டாம் கியர் அளவுக்குக் குறைத்து, வலப்பக்கம் திரும்ப வேண்டும். முன்னால் போகிறவர் தன் பிறேக் இடத்தில் பிறேக் பிடித்து, கண்ணாடியில் யாருமில்லை என்று பார்த்துத் திருப்பத் தொடங்கிவிட்டார். அந்த நேரம் மூன்று கார் தூரம் பின்னால் இருந்தவர் பிறேக்கைப் பிந்திப் பிடித்து உட்பக்கம் பாய்கிறார். உள்முனையில் அவருடைய முன் அச்சு கண்ணாடிக்கு நேராக வந்திருக்கலாம். திருப்பத் தொடங்கியவருக்கு அது எப்படித் தெரியும்? எங்கள் போட்டிகளில் அது பாய்ந்தவரின் பிழை. ‘நான் பக்கத்தில் இருந்தேன்’ என்பது போதாது, அவர் உங்களைக் காணக்கூடிய நேரத்தில் பக்கத்தில் இருந்தீர்களா என்றுதான் கேட்போம்.

மறுபக்கமும் உண்டு. ஒருவர் சரியாகப் பக்கத்தில் வந்துவிட்டார் என்றால் கதவைச் சாத்தாதீர்கள், அதாவது குறுக்கே திருப்பி அவர் பாதையை அடைக்காதீர்கள். ஒரு காரின் அகலமாவது வெள்ளைக் கோட்டுக்கு உள்ளே விடுங்கள். வளைவை விட்டு வெளியேறும்போது மெல்ல மெல்ல அகன்று அவரைப் புல்லுக்குள் தள்ளுவதும் இடிப்பதற்குச் சமம்.

என்ரை இடத்தைக் காக்க எத்தனை தரம் விலகலாம்?

ஒரு தரம். அனைத்துலக மோட்டார் விளையாட்டுச் சம்மேளனத்தின் ஓட்ட நடத்தை விதி, இடத்தைக் காக்க ஒன்றுக்கு மேற்பட்ட தடவை திசை மாற்றுவதை அனுமதிப்பதில்லை. ஒரு முறை விலகிவிட்டு மீண்டும் வழமையான பாதைக்குத் திரும்பினால், வளைவை நெருங்கும்போது உங்கள் காருக்கும் ஓடுபாதை விளிம்புக்கும் இடையில் ஒரு காராவது போக இடம் இருக்க வேண்டும். பிறேக் பிடித்த பின் விலகவே கூடாது. பின்னால் வருகிறவர் தன் பிறேக்கை ஏற்கனவே அழுத்திவிட்டார், இனி அவரால் ஒன்றும் செய்ய முடியாது. நேர்ப்பாதையில் பாம்பு மாதிரி நெளிவதும் இதற்குள்தான் அடங்கும்.

நீலக் கொடி காட்டினால் ஓரமாக்கி விட வேண்டுமோ?

எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் அதிகம் பிழைவிடுவது இதில்தான், காரணமும் எனக்கு விளங்குகிறது. ஏ9 வீதியில் முறிகண்டிக்கும் மாங்குளத்துக்கும் இடையில் பின்னால் பஸ் ஹோர்ன் அடித்தால் கை தானாகவே இடப்பக்கம் ஒதுக்கும். அந்தப் பழக்கத்தோடு ஓடுபாதையில் நீலக் கொடியைக் கண்டவுடன் சடாரென்று ஒதுங்குகிறார்கள். பின்னால் வரும் வேகமான கார் அதே பக்கமாக முந்தத் தொடங்கியிருக்கும். மோதல்.

நீலக் கொடி என்றால் உங்களை ஒரு சுற்றால் முந்தப்போகும் கார் நெருங்கிவிட்டது என்று பொருள். ஃபோர்முலா 1 இல் அதை மதியாமல் ஓடினால் தண்டனை உண்டு. செய்ய வேண்டியது: உங்கள் பாதையிலேயே நில்லுங்கள். நேர்ப்பாதை வந்ததும் அக்சிலேற்றரிலிருந்து காலைச் சற்று எடுங்கள். முந்துகிற வேலையை அவர் செய்யட்டும். வளைவின் நடுவில் வழி விடப் பார்க்க வேண்டாம், அடுத்த நேர்ப்பாதை வரை அவர் பொறுப்பார். ஒரே சுற்றில் உங்களோடு இடத்துக்குப் போட்டியிடுகிறவருக்கு நீலக் கொடி பொருந்தாது. சில கேம்கள் பின்னால் யார் வந்தாலும் நீல நிறம் காட்டும், அதை நம்பி இடத்தை விட்டுக்கொடுக்காதீர்கள்.

மஞ்சள் கொடிக்கு?

வேகத்தைக் குறையுங்கள், முந்தாதீர்கள். இரட்டை மஞ்சள் என்றால் நிற்பதற்கும் ஆயத்தமாக இருங்கள். இதில் விவாதம் இல்லை.

சுழண்டு வெளியிலை போனால் எப்பிடித் திரும்பி வாறது?

இதை நன்றாக வாசியுங்கள், பெரிய விபத்துகள் முதல் பிழையில் நடப்பதில்லை, அதைத் திருத்தப் போகும் அவசரத்தில் நடக்கின்றன.

பின்பக்கம் கழன்று கார் சுழலத் தொடங்கி, இனிப் பிடிக்க முடியாது என்று தெரிந்த கணமே கிளட்சையும் பிறேக்கையும் முழுதாக அழுத்துங்கள். பூட்டிய சில்லோடு சறுக்கும் கார் ஏறத்தாழ ஒரே திசையில் சறுக்கிப்போய் நிற்கும், பின்னால் வருகிறவர்கள் கணித்து விலகலாம். பிறேக்கை விட்டுவிட்டால் சில்லு பிடித்த பக்கமெல்லாம் கார் உருண்டு, ஓடுபாதைக்குக் குறுக்கே திரும்ப வரும். அப்போது வருகிறவர் எந்தப் பக்கம் போவார்?

நின்ற பிறகு திரையிலுள்ள ஓடுபாதை வரைபடத்தைப் பாருங்கள், இடைவெளி வரும் வரை இருங்கள். பின்னோக்கி ஓடுபாதைக்குள் வருவது எக்காலத்திலும் இல்லை. வேகம் கூடும் வரை ஓரத்தோடு போங்கள், வழமையான பாதைக்குள் குறுக்கே நுழையாதீர்கள். பாதையில் இருப்பவருக்கே முதலுரிமை. பாதுகாப்பின்றி நுழைந்து ஒருவரை இடித்தால், எங்கள் நடுவர்கள் சாதாரண மோதலை விடக் கூடிய தண்டனை போடுவார்கள். நான் அதை முழுமனதோடு ஆதரிக்கிறேன்.

வெள்ளைக் கோட்டைத் தாண்டினால்?

கோடு ஓடுபாதையைச் சேர்ந்தது, விளிம்புக் கட்டைகள் சேராது. காரின் எந்தப் பகுதியும் ஓடுபாதையைத் தொடாமல் போனால் வெளியேறியதாகக் கணக்கு. அதனால் நேரம் மிச்சம்பிடித்தீர்களா, இடம் பிடித்தீர்களா என்பதே கேள்வி. இடம் பிடித்திருந்தால் உடனே திருப்பிக் கொடுங்கள், தண்டனை வராது.

முதல் சுற்றிலை எல்லாரும் நெருக்கமாகத்தானே ஓடுகினம், அதுக்கும் தண்டனையோ?

ஆம், எங்களிடம் இன்னும் கடுமை. ஃபோர்முலா 1 நடுவர்கள் முதல் சுற்றுக்கு வழமையாகக் கொஞ்சம் இளகுவார்கள். அவர்கள் உலகின் தேர்ந்த ஓட்டுநர்களைப் பார்த்து எடுக்கிற முடிவு அது. எங்களைப் போன்ற கூட்டத்தில் இளகினால், இருபது பேரின் இரவு எட்டாவது செக்கனில் முடியும்.

முன்வரிசைக் கார் வளைவுக்கு 100 மீற்றர் என்று காட்டும் பலகையில் பிறேக் பிடித்தால் பத்தாவது இடத்தில் இருப்பவருக்கு அதே இடம் பிந்தியது. முன்னால் ஒவ்வொருவரும் பிறேக்கைக் கொஞ்சம் கொஞ்சம் முந்திப் பிடிக்கப் பிடிக்க, வரிசை பின்னோக்கி இறுகிக்கொண்டே வரும். ரயரும் பிறேக்கும் குளிர்ந்திருக்கும். தனியாகப் பழகும்போது பிடித்த இடத்தை மறந்துவிட்டு நன்றாக முந்திப் பிடியுங்கள். முன் காருக்கு நேர் பின்னால் நிற்காமல் பாதிக் கார் விலகி நின்றால் கண்ணுக்குத் தூரமும் தெரியும், தப்பவும் இடம் இருக்கும்.

எங்கடை நெட்டுக்கு கார் துள்ளுது எண்டு வெளிநாட்டுப் பெடியள் ஏசுறாங்கள். அது என்ரை பிழையோ?

நெட் மோசமாக இருப்பது உங்கள் பிழை இல்லை. அது மோசம் என்று தெரிந்தும் ஒருவரின் பக்கத்தில் ஒட்டி ஓடுவது உங்கள் பொறுப்பு. இதைச் சொல்லக் கஷ்டமாகத்தான் இருக்கிறது, கணக்கைப் பாருங்கள்.

மணிக்கு 200 கிலோமீற்றரில் கார் ஒரு செக்கனில் ஏறத்தாழ 55 மீற்றர் போகும். 200 மில்லிசெக்கன் தாமதம் என்றால் 11 மீற்றர், இரண்டு காரின் நீளத்துக்கும் அதிகம். இடையில் தகவல் வராத நேரத்தில் உங்கள் கார் எங்கே இருக்கும் என்று மற்றவருடைய கணினி ஊகித்துத்தான் வரைகிறது. ஊகம் பிழைத்தால் உங்கள் திரையில் ஒரு முழ இடைவெளி, அவருடைய திரையில் நீங்கள் அவர் கதவுக்குள். இருவரும் பொய் சொல்லவில்லை, இருவர் கண்டதும் வேறு.

ஒரே அளவில் நிற்கும் உயர்ந்த பிங்கை (தகவல் போய்வர எடுக்கும் நேரம்) விட ஏறி இறங்கும் பிங் பொல்லாதது. போனில் ஹொட்ஸ்பொட் போட்டு, அதே போனில் தங்கச்சி படம் பார்த்தால் அப்படித்தான் ஆகும். வீட்டில் பைபர் இருந்தால் வைஃபையை விட்டுக் கேபிளில் கொழுவுங்கள். ரவுட்டர் அறைக்குத் தூரமாக இருந்தால் நீளக் கேபிள் வாங்குவது மற்ற எந்தச் சாமானை விடவும் பயன் தரும். போட்டி நேரத்தில் அப்டேட்டுகளை நிறுத்துங்கள், வீட்டாரிடம் அந்த ஒரு மணித்தியாலத்தைக் கேட்டு வாங்குங்கள்.

அதன் பிறகும் துள்ளினால், போட்டிக்கு முன்பே எழுதிச் சொல்லிவிட்டுப் பின்வரிசையில் தொடங்குங்கள். பக்கத்தோடு பக்கம் வளைவுக்குள் போகாதீர்கள். அப்படிச் சொன்னவரை எங்களில் ஒருவரும் ஏசியதில்லை, அவருக்கு எல்லோரும் கூடுதல் இடம் விடுகிறார்கள்.

கரண்ட் போனால்?

போட்டி முடியவில்லை என்று பதிவாகும், தண்டனை இல்லை. யூபிஎஸ் வைத்திருப்பவர்கள் ரவுட்டரையும் அதில் கொழுவுங்கள். கணினி மட்டும் உயிரோடிருந்து நெட் போனால் பலனில்லை. கரண்ட் திரும்ப வந்து சேர்வருக்குள் நுழைய முடிந்தால், பிற்றிலிருந்து (கார்களை நிறுத்தித் திருத்தும் இடம்) வெளியே வரும்போது வேகமான கார்களுக்கு வழி விடுங்கள்.

சரி, தண்டனைகள் என்னென்ன?

சிறியது, நேரத்தில் 5 அல்லது 10 செக்கன் கூட்டுவது. அதற்கு மேலே, பிற் பாதை வழியாக வேக எல்லைக்குள் ஒருமுறை ஓடிப் போவது. அதற்கும் மேலே, பிற்றில் நின்று செக்கன் எண்ணிப் போவது. உச்சம், போட்டியிலிருந்து நீக்கம். அசெட்டோ கோர்சா கொம்பெட்டிசியோனே என்ற கேமில் 10, 20, 30 செக்கன் நிற்க வைக்கும் தண்டனைகள் உண்டு. ஐரேசிங்கின் பல தொடர்களில் சம்பவப் புள்ளி 17 ஐத் தொட்டால் நடவடிக்கை வரும்.

எங்கள் வழக்கம்: இடித்து ஒருவரின் இடத்தைப் பறித்தால் 5 செக்கன், அவர் காரைப் பழுதாக்கினால் 10, போட்டியையே முடித்தால் பிற் வழி ஓட்டம். ஆனால் இடித்தவர் நின்று, இடிபட்டவர் மீண்டும் முன்னால் போகும் வரை காத்திருந்தால் பெரும்பாலும் தண்டனையே போடுவதில்லை. பறிபோன இடம் அந்த இடத்திலேயே உரியவரிடம் திரும்பிவிடுகிறது, பிறகு கூட்டும் எந்தச் செக்கனாலும் அதைச் செய்ய முடியாது.

திரும்பத் திரும்பச் செய்பவருக்குப் புள்ளிக் கணக்கு வேண்டும். ஃபோர்முலா 1 இல் 12 மாதத்துக்குள் 12 தண்டனைப் புள்ளி சேர்ந்தால் ஒரு போட்டித் தடை. 2024 இல் கெவின் மக்னுசன் அப்படித்தான் அசர்பைஜான் போட்டியை இழந்தார்.

வேணுமெண்டு இடிச்சால்?

வெளியே. கதையே இல்லை. 1997 இல் ஹெரெஸ் ஓடுபாதையில் நடந்த ஃபோர்முலா 1 போட்டியில் ஷூமாக்கர் தன் போட்டியாளர் வில்னவ்வின் காருக்குள் திருப்பினார், அந்த ஆண்டின் உலகப் பட்டியலிலிருந்தே அவருடைய இரண்டாமிடம் நீக்கப்பட்டது. ‘அவன் முதல்ல இடிச்சான்’ என்று பழிவாங்குவதும் இதே கணக்கு. கோபம் வந்தால் பிற்றுக்குள் போய்க் காரை நிறுத்துங்கள்.

எனக்குப் பதிலாக என்ரை ஒன்றுவிட்ட அண்ணை ஓடலாமோ? அவர் என்னைவிட வேகம்.

கூடாது. 2020 மே மாதம் ஃபோர்முலா ஈ (மின்சாரக் கார்ப் பந்தயத் தொடர்) நடத்திய இணையப் போட்டியில் அதன் ஓட்டுநர் டானியல் அப்ட் தன் பெயரில் ஒரு சிம் ஓட்டுநரை ஓட வைத்தார். போட்டியிலிருந்து நீக்கப்பட்டார், 10,000 யூரோவை அறப்பணிக்குக் கொடுக்க வேண்டி வந்தது, அவருடைய ஔடி அணி அவரை இடைநிறுத்தியது. அண்ணை தன் பெயரில் வரட்டும், சந்தோசமாகச் சேர்ப்போம்.

மைக்கில் கோபத்திலை வாற வார்த்தைக்கும் தண்டனையோ?

ஓட்டத்துக்குள்ள தண்டனையை விடப் பெரிதாகவே இருக்கும். 2020 ஏப்ரலில் இணையப் போட்டி ஒன்றின்போது ஓட்டுநர் கைல் லார்சன் சொன்ன ஒரு இனவெறிச் சொல்லுக்காக அமெரிக்கக் கார்ப் பந்தய அமைப்பான நாஸ்காரும் ஐரேசிங்கும் அவரை இடைநிறுத்தின, அவருடைய அணி வேலையிலிருந்தே நீக்கியது. சாதி, ஊர், சமயம், அம்மா அக்கா பற்றிய பேச்சு எதுவும் எங்கள் மைக்கில் வரக்கூடாது. எங்களோடு பெண் பிள்ளைகளும் ஓடுகிறார்கள், பத்தாம் வகுப்புத் தம்பிமாரும் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

முறைப்பாடு எப்பிடிக் குடுக்கிறது?

போட்டி நடக்கும்போது மைக்கில் வேண்டாம். முடிந்த பிறகு றீப்ளேயை உங்கள் காரிலிருந்து ஒருமுறை, மற்றவர் காரிலிருந்து ஒருமுறை, மேலிருந்து ஒருமுறை பாருங்கள். நிறைய முறைப்பாடுகள் இரண்டாவது பார்வையிலேயே கைவிடப்படுகின்றன. இன்னும் பிழை என்று பட்டால், எத்தனையாவது சுற்று, எந்த வளைவு, சம்பவத்துக்குப் பத்து செக்கன் முன்னிருந்து வெட்டிய காணொளி, நடந்தது இரண்டு வரியில். மற்றவரின் குணம் பற்றி எழுத வேண்டாம். ஞாயிறு இரவுக்குள் அனுப்புங்கள். சம்பவத்தில் சம்பந்தப்படாத மூன்று பேர் தனித்தனியாகப் பார்த்துவிட்டுத்தான் பேசுவோம், குற்றம் சாட்டப்பட்டவரின் விளக்கத்தையும் கேட்போம். முடிவு புதன்கிழமை வரும், காரணத்தோடு வரும். அந்தக் காரணத்தில் பிழை கண்டால் புதுக் காணொளியோடு ஒருமுறை மேன்முறையீடு செய்யலாம். அதை வேறு மூவர் பார்ப்பார்கள்.